வாட்போர் என்னும் விளையாட்டு

கொல்லுதற்கென்று வடித்த கருவியைக் கொல்லாமை பயில்வதற்குரிய கருவியாக மாற்றிக்கொண்டமை மாந்தர் செய்த அருஞ்செயல்களுள் ஒன்றாகும். வில் இன்று வட்டப்பலகையை எய்யும் பந்தயமாயிற்று. வேல் தொலைவு அளக்கும் ஈட்டியெறிதலாயிற்று. இவற்றுள் எதிராளியின் உடம்பையே இன்னும் இலக்காகக் கொண்டும், அவ்வுடம்பிற்கு ஊறு நேராவண்ணம் காத்தும் நிகழ்வது வாட்போர் ஒன்றே. அதனாற்றான் இவ்விளையாட்டு ஏனையவற்றினும் வியப்புக்குரியதாகின்றது.

2024ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களின் வாட்போர்க் காட்சிகளை விடுதி மாணவர் சிலர் ஒருங்கிருந்து தொலைக்காட்சியிற் கண்டோம். வெள்ளுடை உடுத்து, கம்பிவலை முகமூடி அணிந்த இருவர் எதிரெதிர் நின்றனர். இமைப்பொழுதில் இருவரும் பாய்ந்தனர். செவ்விளக்கும் பச்சை விளக்கும் ஒருங்கே எரிந்தன. இருவருமே தாம் வென்றதாகக் கையை உயர்த்தி முழங்கினர். நடுவரோ ஒருவர்க்கே புள்ளி வழங்கினார். 'இருவர் மேலும் வாள் பட்டது. இருவரும் வென்றேம் என்கின்றனர். ஒருவர்க்கு மட்டும் புள்ளி அளிப்பது என்ன நீதி?' என்று நண்பர் ஒருவர் வினவினார். எமக்கு விடை தெரிந்திலது. அவ்விடையைத் தேடிப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. யாம் வாளேந்திப் பயின்றவர் அல்லேம். படித்தும் கண்டும் அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துக் கூறுகின்றேம்.

ஆங்கிலத்தில் இவ்விளையாட்டை 'ஃபென்ஸிங்' என்பர். அச்சொல் காத்தல் என்னும் பொருளுடைய 'டிஃபென்ஸ்' என்பதன் சிதைவாகும். ஆகவே பெயரளவிலேயே இது தாக்கும் கலையன்று, தற்காக்கும் கலையாம். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நீண்டு மெலிந்த குத்துவாளின் பயிற்சி இலக்கணமுற வளர்ந்தது. பின்னர்ப் பிரெஞ்சு நாட்டு ஆசிரியர் அதனைச் செம்மை செய்தனர். இன்றும் நடுவர் 'ஆன் கார்ட்' என்று நிலைகொள்ளச் செய்தலும், 'அலே' என்று ஏவுதலும், 'ஆல்ட்' என்று நிறுத்தலும் பிரெஞ்சு மொழியிலேயே நிகழ்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் முகத்திற்குக் கம்பிவலை மூடி வந்தபின்னரே, கண்ணுக்கு அஞ்சாது விரைந்து பொருதல் இயல்வதாயிற்று.

வாட்கள் மூவகைப்படும். அவை ஃபாயில், எப்பே, சேபர் என்பன. ஃபாயில் என்பது மாணாக்கர் பழகுதற்கென்று அமைந்த மெல்லிய வாள். அதன் நிறை 500 கிராமுக்கு மேற்படலாகாது. நுனியால் குத்துதல் மட்டுமே அதற்குரியது. நெஞ்சும் வயிறும் முதுகுமாகிய நடுவுடலே இலக்கு. உயிர்நிலை அமைந்த இடத்தைக் குறிதப்பாது தொடப் பழகுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. எப்பே என்பது மெய்யான இருவர் போரில் ஏந்திய வாளின் வழிவந்தது. 770 கிராம் வரை நிறையுடையது. அப்போரில் உடம்பின் எப்பகுதியிற் குருதி தோன்றினும் தோல்வியே ஆதலின், உச்சி முதல் உள்ளங்கால் வரை முழுவுடம்பும் இதற்கு இலக்காம். சேபர் குதிரைப்படையாளர் வாளின் வழிவந்தது. நுனியால் குத்தவும் விளிம்பால் வெட்டவும் செய்யலாம். இடைக்கு மேற்பட்ட உடம்பும் தலையும் கைகளும் அதன் இலக்கு. இம்மூன்றனுள் மிக்க விரைவுடையது சேபர். பாய்ச்சலும் தீர்ப்பும் ஓரிரு நொடிக்குள் முடிவதால் புதிதாய்க் காண்போர் கண் திகைக்கும்.

ஆடுகளம் 14 மீட்டர் நீளமும் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒடுங்கிய பட்டையாகும். இருவரும் நான்கு மீட்டர் இடைவெளியில் நின்று தொடங்குவர். பக்கவாட்டில் ஓட இடமில்லை. முன்னேறுதலும் பின்வாங்குதலுமே உண்டு. பின்னெல்லையை இரு காலாலும் கடந்தவர் பட்டவராகவே கருதப்படுவர். முதற்சுற்றில் ஐந்து தொடுகைக்கும், அடுத்து வெளியேற்றுச் சுற்றுகளில் பதினைந்து தொடுகைக்கும், அணிப்போரில் நாற்பத்தைந்து தொடுகைக்கும் பொருவர்.

இனி, நண்பர் வினாவுக்கு வருவோம். ஃபாயிலிலும் சேபரிலும் முந்துரிமை என்றொரு விதி உண்டு. முதலில் கைநீட்டித் தாக்கப் புகுந்தவர்க்கு அவ்வுரிமை உரியதாகும். எதிரி முதலில் அத்தாக்குதலைத் தன் வாளால் விலக்குதல் வேண்டும்; அல்லது பின்வாங்கி அதனைப் பொய்த்துப்போகச் செய்தல் வேண்டும். விலக்கிய கணமே உரிமை அவர்பாற் செல்லும். அப்போது அவர் மறுதாக்கம் செய்யலாம். விலக்காது தாமும் வாளை நீட்ட, இருவர் மேலும் பட்டதாயின், உரிமையுடையவர்க்கே புள்ளி. இருவரும் ஒருங்கே தாக்கத் தொடங்கினராயின் ஒருவர்க்கும் புள்ளி இல்லை. இவ்விதிக்குக் காரணம் யாது எனின், வாள் கூரியதாய் இருந்த காலத்தை நினைந்து நோக்குக. தன் நெஞ்சை நோக்கி வரும் கூர்வாளைத் தடாமல், தானும் குத்துவேன் என்று பாய்பவன் வீரனல்லன். அவன் தன் உயிரையும் இழந்து பிறன் உயிரையும் போக்கும் மூடன். 'முதலிற் காத்துக்கொள்; பின்னர்த் தாக்கு' என்பதே அவ்விதியின் உட்பொருள். ஆகவே இரு விளக்கும் எரிந்தபோது, யாவர் பட்டனர் என்பதன்று, யாவர் முறையோடு பொருதனர் என்பதே வினாவாகின்றது. எப்பேயில் இவ்வுரிமை விதி இல்லை. ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு கூற்றுக்குள் இருவர் மேலும் பட்டதாயின் இருவர்க்கும் புள்ளி உண்டு.

நிற்க. பட்டதோ படவில்லையோ என்பதை அறிவது யாங்ஙனம்? மின்கருவி வாராத காலத்தில் நடுவர் ஒருவரும், ஒவ்வொரு வீரர்க்கும் இருவராக நோக்குநர் நால்வரும் நின்று கண்ணாற் கண்டே தீர்ப்புரைத்தனர். கண்ணினும் வாள் விரைவுடையது. அதனால் 'தூஷே', அஃதாவது 'என்மேற் பட்டது' என்று பட்டவரே வாய்விட்டு ஒப்புதல் அக்கலையின் தலையாய ஒழுக்கமாகப் போற்றப்பட்டது. நடுவர் காணாததைத் தான் கண்டும் மறைத்தவன், வென்றானாயினும் பிறர் மதிப்பை இழந்தான்.

ஆயின், நாடுகள் தம்முட் போட்டியிடத் தொடங்கியபின் அவ்வொழுக்கம் எளிதில் நிற்கவில்லை. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோதே வாட்போர் அதில் இடம்பெற்றது. அன்று முதல் இன்றுகாறும் எவ்வோர் ஒலிம்பிக்கிலும் விடுபடாத சில விளையாட்டுகளுள் அது ஒன்று. அவ்வாண்டு ஆசிரியர்க்குரிய ஃபாயிற் போட்டியில் வென்ற லியோன் பீர்கோஸ் என்பவரே இக்காலத்து ஒலிம்பிக்கில் முதன்முதல் வாகை சூடிய கிரேக்கர். எனினும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்தன. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், ஃபாயிலுக்கு மேற்கையும் இலக்காதல் வேண்டும் என்ற தம் கருத்து ஏற்கப்படாமையாற் பிரெஞ்சுக்காரர் வாட்போர்ப் போட்டிகளினின்றும் விலகினர். வாளின் நீளம் பற்றிய பிணக்கால் இத்தாலியர் எப்பேப் போட்டியை ஒதுக்கினர். இக்குழப்பத்தின் பயனாக 1913ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பாரிஸில் ஒன்பது நாட்டார் கூடி உலக வாட்போர்க் கூட்டமைப்பை நிறுவினர். அடுத்த ஆண்டு மூவகை வாளுக்கும் பொதுவிதிகள் வகுக்கப்பட்டன. இன்று லோசான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்வமைப்பில் 150க்கு மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் உறுப்பாகியுள்ளன. 1921இல் ஐரோப்பியப் போட்டியாகத் தொடங்கியது 1937 முதல் உலகப் போட்டி எனப் பெயர் பெற்றது.

விதி ஒன்றாயினும் மனம் ஒன்றாயிற்றில்லை. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிய வீரர் ஒரெஸ்தே புலிட்டி, தம் நாட்டவர் தமக்கு வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தனர் என்று ஐயுற்ற ஹங்கேரி நாட்டு நடுவர் கோவாச் என்பாரொடு மாறுபட்டுப் போட்டியினின்றும் நீக்கப்பட்டார். சில திங்கள் கழித்து இருவரும் மெய்யான வாளேந்திப் பொருது, குருதி சிந்தியபின் பிறர் விலக்க விலகினர். விளையாட்டாக மாறிய கொலைக்கருவி, நம்பிக்கை நீங்கியவுடன் மீண்டும் கொலைக்கருவியே ஆயிற்று!

இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கவே மின்சாரம் துணைக்கு அழைக்கப்பட்டது. வாள்முனையில் ஒரு சிறு விசை. அது குறித்த அளவு அழுத்தம் பெற்றால் மின்னோட்டச் சுற்று இணைந்து விளக்கு எரியும். எப்பேக்கு 750 கிராமும் ஃபாயிலுக்கு 500 கிராமும் அழுத்தம் வேண்டும். ஃபாயில் வீரர் இலக்கிடத்தை மட்டும் மூடும் உலோக இழைச்சட்டை அணிவர். அதன்மேற் பட்டால் நிற விளக்கும், பிற இடத்திற் பட்டால் வெள்விளக்கும் எரியும். ஒலிம்பிக்கில் எப்பே 1936இலும், ஃபாயில் 1956இலும், சேபர் 1992இலும் மின்முறைக்கு வந்தன.

கருவி வந்தது, களவு ஒழிந்ததோ எனின், அற்றன்று. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லான் போட்டியின் வாட்போர்ப் பகுதியில், சோவியத்து வீரர் போரிஸ் ஒனிஷ்செங்கோ ஆங்கில வீரர் ஜிம் ஃபாக்ஸுடன் பொருதார். ஃபாக்ஸ் பின்சாய்ந்து விலகியபோதும் விளக்கு எரிந்தது. ஐயுற்று வாளைச் சோதித்தபோது, தொடாமலே விளக்கை எரிக்கவல்ல ஒரு விசை அதன் கைப்பிடியுள் மறைந்திருந்தமை வெளிப்பட்டது. ஒனிஷ்செங்கோ நீக்கப்பட்டார். அவர் திறமற்றவர் அல்லர். 1972இல் அப்போட்டியிலேயே தனிமுறையில் இரண்டாமிடம் பெற்றவர். வெல்லும் ஆற்றல் உடையாரும் ஒரு பொய்யால் தம் மெய்யான வெற்றிகளையும் ஐயத்துக்கு இடமாக்கினர் என்பதே இதிற் கொள்ளற்பாலது.

மற்றொரு நிகழ்ச்சி 2012ஆம் ஆண்டு லண்டனில் நேர்ந்தது. எப்பே அரையிறுதியில் கொரிய நங்கை ஷின் ஆ-லாம், ஜெர்மானிய நங்கை பிரிட்டா ஹைடெமன் இருவரும் ஐந்துக்கு ஐந்து என்று ஒத்து நின்றனர். கூடுதல் நேரம் புள்ளியின்றி முடியுமாயின் வெற்றி ஷின்னுக்கே உரியது. எஞ்சியது ஒரு நொடி. அந்நொடிக்குள் பன்முறை நிறுத்தியும் தொடங்கியும் பொருத பின்னும் கடிகாரம் ஒரு நொடியையே காட்டி நின்றது. இறுதியில் ஹைடெமன் தொட்டுவிட்டார். முறையீடு முடியுங்காறும் களத்தைவிட்டு இறங்கலாகாது ஆதலின், ஷின் ஏறத்தாழ ஒரு மணிநேரம் தனியே மேடைமேல் அமர்ந்து கண்ணீர் உகுத்தார். முறையீடு தள்ளப்பட்டது. எத்துணை நுண்ணிய கருவியாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அன்று உலகம் கண்டது.

போட்டிக் களத்தின் பெருமக்களையும் சிறிது நினைவுகூர்தல் தகும். இத்தாலியர் நேதோ நாதி 1920இல் ஆன்ட்வெர்ப் நகரில் ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து பொற்பதக்கம் பெற்றார். அந்நாட்டு மான்ஜியரொத்தி 1936 முதல் 1960 வரை பதின்மூன்று பதக்கங்கள் ஈட்டினார். ஹங்கேரியர் சேபர் அணிப்போரில் 1928 முதல் 1960 வரை நடந்த ஏழு ஒலிம்பிக்கிலும் தோல்வியறியாது வென்றனர். அவருள் ஆலாதார் கெரெவிச் ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து அணிப்பொன் பெற்று, ஐம்பதாம் அகவையிலும் வாள் தாழ்த்தாதவர். மகளிர்க்கு 1924இல் ஃபாயில் மட்டும் திறக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டு எல்லென் ஒசியர் முதல் வெற்றியாளர். எப்பே 1996இலும் சேபர் 2004இலுமே அவர்க்கு வாய்த்தன. இக்காலத்தே ஐரோப்பாவின் தனியாட்சி நீங்கியது. ஹாங்காங்கைச் சேர்ந்த சியூங் கா-லாங் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024இல் பாரிஸிலும் ஆடவர் ஃபாயிற் பொன்னை வென்றார்.

போருக்கு முன்னும் பின்னும் வீரர் ஒருவரையொருவர் வாளுயர்த்தி வணங்குதல் இதன் மரபு. அவ்வணக்கமே சிலபோது பெருஞ்சோதனையாயிற்று. 1936இல் பெர்லினில் மகளிர் ஃபாயிலில் ஹங்கேரியின் இலோனா எலெக் பொன்னும், ஜெர்மனியின் ஹெலென் மேயர் வெள்ளியும் பெற்றனர். மேயரின் தந்தை யூதர். அதுபற்றி 1933இல் அவர் தம் ஊர் வாட்போர்க் கழகத்தினின்றும் நீக்கப்பட்டவர். அங்ஙனமாகியும் ஜெர்மனிக்காகப் பொருது, பரிசு மேடைமேல் நாஜி வணக்கம் செய்து நின்றார். அச்சத்தாலோ, ஆங்கிருந்த தம் சுற்றத்தைக் கருதியோ, வேறு எதனாலோ, அவர் உள்ளத்தை நாம் அளத்தல் அரிது. அவரை வென்ற எலெக்கும் யூத மரபின் தொடர்புடையவர். உலகப்போர் முடிந்தபின் 1948இல் லண்டனில் மீண்டும் பொன் வென்றார். 1928இலும் 1932இலும் ஹங்கேரிய அணியிற் பொன் பெற்ற அத்திலா பெட்ஷாவரோ 1943இல் யூதரைச் சேர்த்த கட்டாய உழைப்புப் படையில் உயிர்நீத்தார்.

2023ஆம் ஆண்டு மிலான் உலகப் போட்டியில் உக்ரேனிய நங்கை ஓல்ஹா கார்லான் ருஷ்ய நங்கை ஒருவரை 15-7 என வென்று, கைகொடுக்க மறுத்து வாளை மட்டும் நீட்டினார். தம் நாட்டின்மேல் படையெடுத்த நாட்டவர்க்குக் கைகொடுக்க அவர் மனம் ஒருப்படவில்லை. கைகுலுக்கல் விதியை மீறியதாக நீக்கப்பட்டார், பின்னர் ஒலிம்பிக் குழுவார் அவர்க்குப் பாரிஸில் ஓரிடம் அளித்தனர், விதியும் தளர்த்தப்பட்டது. 2024இல் அவர் தனிப்போரில் வெண்கலமும் அணிப்போரிற் பொன்னும் பெற்றார். கைகுலுக்கலை விதியால் வாங்கலாம். நட்பை வாங்க இயலாது போலும்!

இவ்விளையாட்டின் இடரையும் மறைத்தல் ஆகாது. 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், 1980ஆம் ஆண்டின் ஒலிம்பிக் வெற்றியாளரான விளாடிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியான மத்தியாஸ் பேரின் வாள் முறிந்து முகமூடியை ஊடுருவியதால் உயிரிழந்தார். அதன்பின் எளிதில் முறியாத உயர்ந்த எஃகால் வாளும், வன்மை மிக்க இழையால் உடையும், உறுதி மிக்க முகமூடியும் கட்டாயமாயின. சக்கர நாற்காலியில் அமர்ந்தோரும் நாற்காலியைத் தளத்திற் பிணித்துக்கொண்டு பொருகின்றனர். 1960இல் ரோமில் நடந்த முதற் பாராலிம்பிக் தொட்டு இது நிகழ்கின்றது. நோயால் இரு கைகளின் பகுதியும் இரு கால்களின் பகுதியும் இழந்த இத்தாலிய நங்கை பெபே வியோ 2016இலும் 2021இலும் பொன் வென்றமை நினையுந்தொறும் உள்ளத்தை எழுப்புவதாகும்.

நம் நாட்டிற்கு இக்கலை புதிது. இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாட்போருக்குத் தகுதிபெற்ற முதல்வர் சென்னையிற் பிறந்த பவானி தேவி என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருவது. 2004இல் பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சென்றபோது, ஏனைய விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட வாட்போர் ஒன்றே எஞ்சியிருந்ததாம். விலையுயர்ந்த வாளுக்கு மாற்றாக மூங்கிற் கழிகொண்டு பழகினார். பின்னர்த் தலசேரியிலும் இத்தாலியிலும் பயின்று, டோக்கியோவில் சேபர் முதற்போரில் துனீசிய நங்கையை 15-3 என வென்றார்; அடுத்த போரில் பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 எனத் தோற்றார். தோற்றவுடன் காரணம் ஏதும் கற்பியாது நாட்டு மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவரை வென்ற புரூனேயே 2024இல் பாரிஸிற் பொன் பெற்றவர். பவானி தேவியோ 2023இல் சீனத்து வூசி நகரில் நடந்த ஆசியப் போட்டியில் உலக வாகையாளரான ஜப்பானிய நங்கை மிசாகி எமுராவை 15-10 என வென்று, அப்போட்டியில் இந்தியாவுக்கு முதற்பதக்கமாக வெண்கலம் கொணர்ந்தார்.

இனி முடிப்பாம். இக்கட்டுரைக்குச் செய்திகளைத் திரட்டுங்கால் எம் உள்ளத்தைக் குத்தியது வாளன்று. 'என்மேற் பட்டது' என்னும் அச்சிறு சொல்லே. சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையே நடந்த இறகுப்பந்தாட்டத்தில், ஆட்டத்தின் இறுதிப் புள்ளியில், எம் பக்கத்துப் பந்து கோட்டின்மேல் வீழ்ந்ததை யாம் கண்டேம். கோட்டுக்கு நடுவர் இலர். எம் சொல்லே தீர்ப்பு. 'வெளியே' என்றேம், எம் அணி வென்றது. எதிரணித் தோழர் ஒன்றும் சொல்லாது கைகொடுத்துச் சென்றார். அவர் கண்டாரோ காணாரோ, இன்றும் அறியேம். ஒனிஷ்செங்கோவின் வாளிற் கண்ட விசை அன்று எம் நாவிலும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கின்றேம். அத்தோழர் இவ்விதழைப் படிப்பாராயின் இதனையே எம் விடையாகக் கொள்வாராக.

விளக்கு எரிந்தபின் தோல்வியை ஒப்புதல் யார்க்கும் எளிது. விளக்கு எரியாதபோதும், நடுவர் காணாதபோதும், தன்மேற் பட்டதைத் தானே கூறுதல் அரிது. களத்திலும் தேர்வுக் கூடத்திலும் நாளை நாம் புகும் வாழ்க்கையிலும் கருவியாற் காணவியலாத தொடுகைகள் பலவாகும். அவற்றுக்கு நாமே நோக்குநர், நாமே நடுவர். வாளேந்தாதவரும் வாட்போரினின்றும் கற்கத்தக்க பாடம் இஃது ஒன்றே எனினும் அமையும்.